குடலிறக்கத்துக்கு எம்முறை நன்று?



சத்திர வைத்தியர்கள் மிகப் பெருந்தொகையாகச் செய்யும் சிகிச்சைகளுள் ஒன்று கவட்டுக் குடலிறக்கத்துக்குச் செய்யப்படுவதாகும். ஆண்களில் நூற்றுக்கு 27 பேரளவினரும், பெண்களில் நூற்றுக்கு 3 பேரளவினரும் தம் வாழ்நாளில் எப்போதாவது இந்நோயை அடைவர் என்று கணக்கிட்டுள்ளனர். உலகம் முழுவதிலும் ஆண்டொன்றுக்கு 2 கோடிக்கு மேற்பட்டோர் இதற்காகச் சத்திரசிகிச்சை பெறுகின்றனர். சுமை தூக்கும்போதும், இருமும்போதும், முக்கும்போதும் தொடையிடுக்கிலே ஒரு வீக்கம் பிதுங்குகின்றது. படுத்தால் உள்ளே மறைகின்றது. ஹேர்ணியா என்று ஆஸ்பத்திரியில் வழங்குவது இதுவே. விதையைச் சூழ்ந்து நீர் கட்டும் ஓதம் இதனின் வேறானது. தோன்றும் இடம் நாணத்துக்குரியதாகையால், பலர் இதனைப் பல ஆண்டுகள் ஒளித்து வைத்துத் துன்புறுவதும் உண்டு.

இந்நோய்க்கு மருந்து இல்லை. தைலம் பூசியும் கச்சை கட்டியும் துவாரத்தை மூட இயலாது. கத்தியாற் கீறித் துவாரத்தை அடைப்பதே தீர்வு. ஆனால் அடைப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு இதுவரை கூறப்பட்ட விடைகள் பல. அவை ஒவ்வொன்றும் ஒரு வைத்தியரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. வயிற்றினுள்ளே குழாய்க்கருவி செலுத்திச் செய்யும் முறைகளும் இக்காலத்தில் உள்ளன. அவற்றை விடுத்து, கவட்டைத் திறந்து செய்யும் முறைகளை மாத்திரம் இன்று எடுத்துக்கொண்டு, அவற்றை எவ்வாறு ஒப்பிடுவது, எவ்வாறு ஒரு நியமத்துக்குள் அடக்குவது என்பவற்றை ஆராய்வோம்.

முதலில் அவ்விடத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றினுள்ளே தோன்றிப் பின்னர்க் கீழிறங்கி விதைப்பையை அடைகின்றன. அவை சென்ற வழி வயிற்றுச் சுவரிலே ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு சாய்வான கால்வாயாக நிலைத்துவிடுகின்றது. அதுவே கவட்டுக் கால்வாய். விந்துநாண் அதனூடாகச் செல்கின்றது. கால்வாயின் முன்சுவர் தடித்த நார்த்தகட்டினால் ஆயது. பின்சுவரோ மெல்லிய தகடு. கீழ்விளிம்பாக அமைந்திருப்பது இடுப்பென்பின் முனையிலிருந்து பூப்பென்புவரை ஓடும் உறுதியான கவட்டு நார். குடலோ கொழுப்போ இக்கால்வாயின் உள்வாயிலூடாக நுழைந்து இறங்கலாம். அன்றேல் தளர்ந்த பின்சுவரை நேரே தள்ளிக்கொண்டும் வரலாம். முன்னையது பக்கவாட்டு இறக்கம்; பின்னையது உள்வாட்டு இறக்கம். இறங்கிய குடல் துவாரத்தில் இறுகி இரத்தவோட்டம் தடைப்படுமாயின், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரும்.

ஆகவே, பையை அகற்றிவிட்டு மேலே தோலைத் தைத்துவிட்டாற் போதாது என்பது தெளிவு. தளர்ந்த சுவர் அப்படியே இருக்க, சில காலத்தின் பின் குடல் மீண்டும் அவ்வழியே இறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது இதுவே. சிகிச்சை பெற்றோருட் பலர் சில ஆண்டுகளுக்குள் பழைய வீக்கத்தோடு திரும்பி வந்தனர்.

இந்நிலையை மாற்றியவர் இத்தாலிய நாட்டு வைத்தியரான எதுவார்தோ பஸ்ஸினி என்பவர். 1867ஆம் ஆண்டு இத்தாலிய ஐக்கியப் போரிலே தொண்டராகச் சென்று, கவட்டுப் பகுதியிலே துப்பாக்கிமுனைக் கத்தியாற் குத்துண்டு பிழைத்தவர் அவர். பாதுவா நகரிலே 1884இல் அவர் தமது புதிய முறையைத் தொடங்கினார். விந்துநாணைப் பிரித்து ஒதுக்கி, பையை அதன் அடிவரை எடுத்துக் கட்டி, பின்சுவரை முழுநீளத்துக்கும் திறந்தார். பின்னர், உட்புறத்துத் தசைகள் இரண்டையும் அவற்றோடு சேர்ந்த மென்தகட்டையும் மூன்றடுக்காகச் சேர்த்து, பட்டுநூலாற் கவட்டு நாரோடு தைத்தார். பழுதுற்ற பின்சுவருக்குப் பதிலாகப் புதிய சுவர் ஒன்று எழுந்தது.

1889இல் வெளியிட்ட நூலிலே தாம் செய்த 262 சிகிச்சைகளை அவர் கணக்கோடு எழுதினார். சிகிச்சை முடிந்து வீடு சென்றோரை மறந்துவிடாது, பின்னரும் தொடர்ந்து பார்த்துக் குறித்துவைத்தார். மீண்டும் குடல் இறங்கியோர் நூற்றுக்கு 3 பேரளவினரே. அக்காலத்து நிலையோடு வைத்துப் பார்க்குங்கால் இது பெருஞ்சாதனை. செய்தது இன்னதென்று படிப்படியாக விளக்கியமையும், விளைவை எண்ணிக் காட்டியமையும் அவருடைய தையலுக்கு நிகரான தொண்டுகளாகும்.

இனி நடந்தது கவனத்துக்குரியது. பஸ்ஸினியின் புகழ் உலகெங்கும் பரவிற்று. அவருடைய முறை அந்த அளவுக்குப் பரவவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வைத்தியர் பலர் பின்சுவரைத் திறக்கும் படியை விட்டுவிட்டனர். மேலே தென்பட்ட தசையை இழுத்துக் கவட்டு நாரோடு சில தையல்களாற் பொருத்தி, அதனையும் பஸ்ஸினி முறை என்றே எழுதினர். உள்ளிருக்கும் பழுது திறந்து பார்க்கப்படாமலே மூடப்பட்டது. விளைவு, நூற்றுக்குப் பத்தும் அதற்கு மேலுமாக நோய் மீண்டது. பஸ்ஸினியின் மாணவராகிய அத்திலியோ கத்தெரீனா, 1930களிலே, ஆசிரியரின் மெய்யான முறை இதுதான் என்று காட்டும் பொருட்டுப் படங்களோடு கூடிய ஒரு நூலை வெளியிட நேர்ந்தது. ஆசிரியர் இறந்து பத்தாண்டு கழியுமுன்னரே இந்நூலுக்குத் தேவை உண்டாயிற்று என்றால், முறை எத்துணை தூரம் விலகிச் சென்றிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சத்திரசிகிச்சை முறைகளை ஒப்பிடுவதில் உள்ள முதற் சிக்கல் இதிலிருந்து புலப்படும். மாத்திரை ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும்போது, இரண்டிலும் இருக்கும் மருந்தின் அளவு நமக்குத் தெரியும். சத்திரசிகிச்சையிலோ பெயர் ஒன்றாயிருக்கச் செய்கை வேறாயிருக்கலாம். படிகளைக் குறைத்துச் செய்த ஒன்றைப் பஸ்ஸினி முறை என்று வைத்துக்கொண்டு புதிய முறை ஒன்றோடு ஒப்பிட்டாற் புதியது வெல்லும். ஆனால் அவ்வெற்றி எதன்மேற் பெற்ற வெற்றி என்பதை எவரும் சொல்ல இயலாது.

பஸ்ஸினியின் கருத்தை மீட்டு, அதனை மேலும் செம்மை செய்தவர் கனடா நாட்டு வைத்தியரான ஏள் சோல்டைஸ் என்பவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே, குடலிறக்கம் காரணமாகப் படையிற் சேர்க்கப்படாத இளைஞர்களுக்குச் சிகிச்சை செய்து, 1945இல் ரொறன்ரோ நகரிலே இந்நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பின்சுவரைத் திறந்து, அதன் இரு பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, மெல்லிய உருக்குக் கம்பியினால் நான்கு வரிசையாகத் தைப்பது அவருடைய முறை. முழு மயக்கம் கொடாது, அவ்விடத்தை மாத்திரம் மரக்கச் செய்து சிகிச்சை நடைபெறும். முடிந்ததும் நோயாளி மேசையிலிருந்து எழுந்து நடந்து செல்வார். உடற்பருமன் மிகுந்தோர் முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வருமாறு பணிக்கப்படுவர். அங்குள்ள வைத்தியர் அனைவரும் இதே படிகளை இதே வரிசையில், ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் செய்கின்றனர்.

இதன் பயனை 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஒன்ராறியோ மாகாணத்திலே 1993 முதல் 2007 வரை முதன்முறையாகச் சிகிச்சை பெற்ற 2 இலட்சத்து 35 ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகள் ஆராயப்பட்டன. நோய் மீண்டமையால் மறுபடியும் சத்திரசிகிச்சை பெற்றோர், பொது ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 5 பேரளவினர். சோல்டைஸ் ஆஸ்பத்திரியில் 1.15 அளவினரே. எனினும் இவ்வெண்களை ஆராயாது ஏற்றல் ஆகாது. அவ்வாஸ்பத்திரி நோயாளரைத் தெரிந்தெடுக்கின்றது. பருமன் மிக்கோரையும் வேறு கடுநோய் உடையோரையும் பொது ஆஸ்பத்திரி திருப்பி அனுப்ப முடியாது. ஆதலின் இவ்வேறுபாட்டில் முறைக்குரிய பங்கு எவ்வளவு, கைப்பழக்கத்துக்குரிய பங்கு எவ்வளவு, தெரிவுக்குரிய பங்கு எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று.

தையல் முறைகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. கிழிந்த வேட்டியின் இரு ஓரங்களையும் இழுத்துத் தைத்தால், இழுத்த இடத்தின் அருகே துணி மீண்டும் கிழிவதைக் கண்டிருக்கின்றோம். தசையின் நிலையும் அஃதே. இழுவை மிகுந்தால் வலி மிகும். நாளடைவில் தையல் தசையை அறுத்துக்கொண்டு தளரும். துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல, இழுக்காமலே துவாரத்தின்மேல் ஒரு வலையை வைத்துத் தைத்தாலென்ன என்ற எண்ணம் இதனால் எழுந்தது. பொலிப்புறொப்பிலீன் என்னும் செயற்கைப் பொருளால் நெய்த வலை இதற்கு உதவிற்று. உடலின் இழையங்கள் அவ்வலையின் கண்களூடே வளர்ந்து அதனைத் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன.

அமெரிக்காவிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வைத்தியர் இர்விங் லிக்ரென்ஸ்ரைன் 1984இல் இம்முறையைக் கையாளத் தொடங்கினார். 1989இல் தம் குழுவினரோடு வெளியிட்ட கட்டுரையிலே, 1,000 நோயாளரில் ஒருவருக்கேனும் நோய் மீளவில்லை என்று அறிவித்தார். அவர்கள் தொடர்ந்து பார்க்கப்பட்ட காலம் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. ஆயினும் அவர்தம் குழுவினரே பின்னர்த் தம் செய்கையை மீண்டும் ஆராய்ந்து, பழைய நோயாளர் சிலரில் வலையின் விளிம்பு பூப்பென்பை ஒட்டியே நின்றுவிட்டமையால் அவ்விடத்திற் குடல் இறங்கியதைக் கண்டனர். வலை காலப்போக்கிற் சுருங்கும் என்பதும் தெரிய வந்தது. ஆகவே வலையின் அளவு அகலத்தில் 7, நீளத்தில் 15 சென்ரிமீற்றர் அளவினதாக இருத்தல் வேண்டும். பூப்பென்பைக் கடந்தும் அது சிறிது பரந்து கிடத்தல் வேண்டும். இறுக்கி விரிக்காது சற்றுத் தளர்வாக வைத்தல் வேண்டும். விந்துநாணைச் சூழும் வலையின் இரு வால்களும் ஒன்றன்மேல் ஒன்று படிதல் வேண்டும் என்று விதிகளைத் திருத்தி எழுதினர். தம் வெற்றியைப் பாராட்டுவதோடு அமையாது தவறிய இடங்களைத் தேடி முறையைத் திருத்தியமை போற்றுதற்குரியது. இன்று ஒரு சிறு வலைத்துண்டை எவ்வாறாயினும் வைத்துத் தைத்துவிட்டு லிக்ரென்ஸ்ரைன் முறை என்று எழுதினால், பஸ்ஸினிக்கு நேர்ந்ததே இவருக்கும் நேரும்.

இனி, தையலையும் வலையையும் நேரே ஒப்பிட்ட ஆய்வுகளைப் பார்ப்போம். நோயாளரைத் தெரிந்தெடுக்கும் சார்பு புகாதவாறு, யாருக்கு எம்முறை என்பதைத் திருவுளச்சீட்டுப் போலத் தற்செயலாகத் தீர்மானித்துச் செய்யும் ஆய்வுகளே இவ்விடயத்திற் சிறந்தவை. அத்தகைய 25 ஆய்வுகளையும் அவற்றில் அடங்கிய 6,293 பேரையும் தொகுத்து, கொக்கிரேன் என்னும் மருத்துவ ஆய்வு நிறுவனம் 2018இல் ஒரு முடிவை வெளியிட்டது. வலை வைத்தோரில் நோய் மீள்வது, வையாதோரில் மீள்வதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வேறு விதமாகக் கூறின், தையலுக்குப் பதிலாக வலையை 46 பேருக்கு வைத்தால் ஒருவருக்கு நோய் மீள்வது தடுக்கப்படும். வலையின் நன்மை மெய்யானதே; ஆனால் எஞ்சிய 45 பேரின் விளைவு அதனால் மாறவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

வலையின்றிச் செய்யும் முறைகளும் ஓய்ந்துவிடவில்லை. இந்தியாவிலே பூனா நகரத்து வைத்தியர் மோகன் தேசார்தா, நோயாளியின் சொந்த நார்த்தகட்டிலிருந்தே ஒரு பட்டையைப் பிரித்து, அதனை வலைக்குப் பதிலாகப் பின்சுவரில் அமைக்கும் முறையை 2001இல் வெளியிட்டார். போலந்து நாட்டிலே 208 ஆண்களிடத்து இம்முறையை லிக்ரென்ஸ்ரைன் முறையோடு ஒப்பிட்டு, 2012இல் முடிவு கூறினர். மூன்றாண்டின் பின் ஒவ்வொரு பகுதியிலும் இருவருக்கே நோய் மீண்டிருந்தது. வலை வாங்க வசதியில்லாத இடங்களுக்கு இது நற்செய்தியே. எனினும் 208 பேரளவிற் செய்த ஆய்வு சிறு வேறுபாடுகளைக் காட்டவல்லதன்று என்பதையும் மறத்தலாகாது.

முறையை ஒழுங்குபடுத்தினாற் போதாது. அளவுகோலையும் ஒழுங்குபடுத்துதல் வேண்டும். ஒருவர் சிறிய துவாரங்களை மாத்திரம் அடைத்து நற்பெயர் பெறலாம். மற்றொருவர் பெருந்துவாரங்களை அடைத்துக் கெட்ட பெயர் பெறலாம். இதனைத் தவிர்க்கும் பொருட்டு ஐரோப்பியக் குடலிறக்கச் சங்கம் 2007இல் எளிய வகுப்பொன்றை வெளியிட்டது. இறக்கம் பக்கவாட்டினதா, உள்வாட்டினதா, தொடைவழியினதா என்பதை முதலிற் குறிக்க வேண்டும். பின்னர்த் துவாரத்தின் அளவைச் சுட்டுவிரலால் அளந்து, ஒரு விரலளவு, இரு விரலளவு, அதற்கு மேல் என மூன்றாகக் குறிக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும் அளவுகோல் வைத்தியரின் விரலே அன்றோ!

அடுத்தது, எதனை எண்ணுவது, எவ்வளவு காலம் எண்ணுவது என்பது. ஓராண்டு பார்த்துவிட்டு நோய் மீளவில்லை என்று கூறுவது போதாது. ஐந்தாண்டிலும் பத்தாண்டிலும் மீள்வன உண்டு. சுவீடன் நாட்டில் 1992 முதலும், தென்மார்க்கில் 1998 முதலும் குடலிறக்கச் சிகிச்சைகளுக்கென்றே பதிவேடுகள் வைக்கப்பட்டுள்ளன. மறுசிகிச்சை பெற்றோரை அவை எண்ணுகின்றன. வீக்கம் மீண்டும் தோன்றியும் வைத்தியரிடம் வராதவர்கள் அக்கணக்கில் அடங்கார். எனவே மெய்யான தொகை பதிவேடு காட்டுவதிலும் சிறிது மிகும்.

நோய் மீள்வதை மாத்திரம் எண்ணிய காலம் ஒன்றிருந்தது. வலை வந்தபின் அது குறையவே, அதுவரை மறைந்து கிடந்த மற்றொரு துன்பம் கண்ணுக்குப் புலனாயிற்று. அதுவே நீங்காத வலி. சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 10 முதல் 12 பேர்வரை சில மாதங்கள் கழிந்த பின்னும் வலியை உணர்கின்றனர். அவர்களுட் சிறு தொகையினருக்கு அது நடக்கவும் தொழில் செய்யவும் இடையூறாகின்றது. கவட்டிலே ஓடும் மூன்று நரம்புகள் தையலில் அகப்படுதலும், தழும்பில் இறுகுதலும் இதற்குரிய காரணங்களுட் சில. ஆதலின் மூன்று நரம்புகளையும் கண்டறிந்து காப்பதும் இன்று நியமப் படிகளுள் ஒன்றாகிவிட்டது. வீக்கம் போயிற்று, வேதனை வந்தது என்று நோயாளி கூறுவாராயின், அச்சிகிச்சையை வெற்றி என எவ்வாறு எழுதுவது?

2018இல் உலகக் குடலிறக்கச் சங்கங்கள் கூடி ஒரு பொது நெறிநூலை வெளியிட்டன. பெரும்பாலும் வலை வைத்தலே நன்று. திறந்து செய்யும் வலைமுறைகளில் லிக்ரென்ஸ்ரைன் முறையைக் கைக்கொள்க. வலை வேண்டாதவிடத்துச் சோல்டைஸ் முறையே தக்கது. பயிற்சியுள்ள வைத்தியர்கள் அவ்விடத்தை மாத்திரம் மரக்கச் செய்தே சிகிச்சை செய்யலாம் என்பன அதன் சாரம். எந்த ஒரு முறையும் எல்லா இறக்கங்களுக்கும் பொருந்தாது என்பதையும் அந்நெறிநூல் கூறுகின்றது. நியமம் என்பது எல்லோருக்கும் ஒரே சட்டையைத் தைப்பதாகாது. இன்னாருக்கு இது தக்கது என்று தேர்ந்தபின், தேர்ந்த முறையை அதன் படிகள் குறையாமற் செய்வதே நியமம்.

இத்தகைய நியமத்தாற் பெரும்பயன் அடைவோர் வறிய நாட்டு மக்களே. ஆபிரிக்காவில் உகண்டா நாட்டிலே 302 ஆண்களிடத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வொன்றில், நுளம்புவலைத் துணியைத் தக்கவாறு கிருமி நீக்கி ஒரு பகுதியினருக்கும், விலை மிகுந்த வலையை மற்றப் பகுதியினருக்கும் வைத்தனர். ஓராண்டின் பின் நுளம்புவலைப் பகுதியில் ஒருவருக்கு நோய் மீண்டது. மற்றதில் எவருக்கும் இல்லை. ஏனைய தொல்லைகள் இரு பகுதியிலும் ஏறத்தாழச் சமமாயிருந்தன. சியரா லியோன் நாட்டில் நடந்து 2021இல் வெளியான ஆய்விலே, வைத்தியப் பட்டம் பெறாது சத்திரசிகிச்சையிற் பயிற்சி மாத்திரம் பெற்ற துணை வைத்தியர்கள் இவ்வலைமுறையைக் கற்றுச் செய்தபோது, ஓராண்டின் பின் நோய் மீண்டோரின் தொகை பட்டம் பெற்றோர் செய்தவற்றிலும் மிகவில்லை. படிகளைத் தெளிவாக வகுத்தமையாலேயே அவற்றை ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்க முடிந்தது. கற்பித்ததைச் சோதித்தறியவும் முடிந்தது.

ஈற்றில், நோயுற்றோர் அறிய வேண்டியவை சில. வலியும் வீக்கமும் குறைந்த ஆண்கள் அஞ்சி ஓட வேண்டுவதில்லை. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வின்படி, அத்தகையோரிற் குடல் இறுகி ஆபத்து நேர்வது ஆண்டொன்றில் 1,000 பேருக்கு இருவரினும் குறைவு. எனினும் அவர்களுட் பெரும்பாலோர் பத்தாண்டுக்குள் சிகிச்சையை நாடி வந்தனர் என்பதும் பின்னர் அறியப்பட்டது. பெண்களின் நிலை வேறு. அவர்களிடத்துத் தொடைவழியாக இறங்கும் வகை மிகுதி. அது இறுகுவதும் எளிது. ஆகவே பெண்கள் காலந்தாழ்த்தல் தகாது. படுத்தும் உள்ளே செல்லாத வீக்கமும், கடும் வலியும், வாந்தியும் தோன்றுமாயின் ஆணாயினும் பெண்ணாயினும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

சிகிச்சைக்கு நாள் குறித்தபின் வைத்தியரிடம் நான்கு வினாக்களைப் பணிவோடு கேட்கலாம். எனக்கு எம்முறையைச் செய்யப் போகின்றீர்கள்? ஆண்டொன்றில் இதனை எத்தனை முறை செய்கின்றீர்கள்? செய்தவர்களைப் பின்னரும் அழைத்துப் பார்ப்பதுண்டா? நீங்காத வலி நேர்ந்தால் யாரிடம் வருவது? முறையின் பெயர் எதுவாயினும் ஆகுக. இந்நான்குக்கும் தடையின்றி விடை கூறும் வைத்தியரிடம் உங்கள் உடலை ஒப்படைக்கலாம்.